மணலுக்கு வாங்கிய டயர், முதுகுக்கு வந்த வலி!

வைப்பின் தீவில் காளமுக்கு மீன்பிடித் துறை. விடியுமுன்பே பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் ஒரு வண்டி மட்டும் தனியாகத் தெரிந்தது. நான்கு சக்கரங்களிலும் விரல் புதையும் பள்ளங்களோடு பெரிய பெரிய மண் ரோட்டு டயர்கள். பார்க்கக் கம்பீரம்தான்.

ஓட்டுநர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சொந்த வண்டி. கடன் இன்னும் அடையவில்லை.

"என்ன அண்ணாச்சி, டயர் புதுசா?" என்றேன்.

"ஆமா சார். மணல்ல மாட்டக்கூடாதுன்னு போட்டேன். மாட்டவும் இல்ல. ஆனா ராத்திரி படுத்தா காலையில எந்திரிக்க முடியல. இடுப்பு விட்டுப் போகுது. மாத்தலாம்னா கையில காசு இல்ல" என்றார்.

மணல் எவ்வளவு, தார் எவ்வளவு?

இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவர் மணலில் இறங்குவது சில நூறு அடி தூரம். அதுவும் தினமும் இல்லை. மற்றதெல்லாம் தார் ரோடு. தீவின் தெற்கு முனையிலிருந்து முனம்பம் வரை சுமார் 25 கிலோமீட்டர். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தபிறகு எர்ணாகுளத்துக்கும் நேரே போகலாம். அங்கிருந்து வாளையார் வழியே கோவைக்கு லோடு போனால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சில நூறு அடி மணலுக்காக அத்தனை தூரமும் மண் டயர் உருளுகிறது!

ஏன் தூக்கிப் போடுகிறது?

காரணங்கள் மூன்று. கல்லும் முள்ளும் கிழிக்காமலிருக்க இந்த டயர்களின் பக்கச் சுவரைத் தடிப்பாகச் செய்கிறார்கள். அது எளிதில் வளையாது. குழியில் விழும் அடி அப்படியே வண்டிக்கு ஏறும். இரண்டாவது, ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றாகத் தாரில் தட்டும். அதனால்தான் 'ம்ம்' என்ற இரைச்சலும், ஸ்டீயரிங்கில் நடுக்கமும். மூன்றாவது எடை. கனமான சக்கரம் மேடு பள்ளத்தில் துள்ளினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதை அடக்கத் திணறும்.

பிக்கப் வண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் பாரம் சுமக்கச் செய்யப்பட்டது. லோடு இருந்தால் வளைந்து கொடுக்கும். காலியாக இருந்தால் விறைத்து நிற்கும். ரயில்வேயில் வேலை பார்க்கும் எனக்கு இது புதிதல்ல. பாரம் ஏற்றிய கூட்ஸ் வண்டி அடங்கிப் போகும். காலி வண்டி தடதடவென்று ஆடிக்கொண்டு போகும். காலி பிக்கப்பில் மெத்தை போல இருப்பது டயரில் உள்ள காற்று ஒன்றுதான். அதுவும் விறைத்தால் ஓட்டுபவரின் முதுகெலும்புதான் ஸ்பிரிங்!

காற்று டயர் பிறந்ததே குலுக்கலைக் குறைக்கத்தான். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக அதைச் செய்தார். 1888-ல் காப்புரிமையும் பெற்றார்.

மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை வரும் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பை அதிகம் வாட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் குலுங்குகிறவர்களுக்கு இடுப்பு வலி அதிகம். இது போதாதென்று, மண் டயர் தார் ரோட்டில் டீசலையும் கூடுதலாகக் குடிக்கும். மழையில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் ஆகலாம்.

என்ன செய்யலாம்?

அண்ணாச்சியின் டயரில் காற்றை அளந்து பார்த்தோம். பெரிய டயருக்குக் காற்றும் அதிகம் வேண்டும் என்று நினைத்து, முழு லோடுக்குரிய அளவுக்கும் மேலே அடித்து வைத்திருந்தார்! காலி வண்டியையும் அப்படியே ஓட்டியிருக்கிறார்.

லோடுக்கு எவ்வளவு, காலிக்கு எவ்வளவு என்பது வண்டிக் கதவோரத்துச் சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். அந்த அளவு வண்டியோடு வந்த டயருக்குரியது. டயரின் அளவை மாற்றியிருந்தால் டயர்க் கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும். மணலில் இறங்கும்போது காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் பதிந்து, சாதா டயரே பெரும்பாலும் கரையேறிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் மறுபடி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கும்.

இரண்டு வழிக்கும் பொதுவான டயர்களும் கடையில் உண்டு. எதை வாங்கினாலும் கம்பெனி சொன்ன அளவில் வாங்குவது நல்லது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், தயாரிப்பாளர் தந்த வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

பத்து நாள் கழித்து அண்ணாச்சியைப் பார்த்தேன். "இப்பத் தேவல சார். ஆனா முழுசாப் போகல" என்றார். ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை டிராலிங் தடைக்காலம். அப்போது இந்த டயர்களை விற்றுவிட்டுச் சாதா டயர் போடப் போகிறாராம்.

வண்டிக்கு டயர் மாற்றலாம். முதுகெலும்புக்கு மாற்று கிடையாது. அடுத்த டயர் வாங்குமுன் நம் ஓட்டுநர் சகோதரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: நம் வண்டி மணலில் எத்தனை அடி, தாரில் எத்தனை கிலோமீட்டர்?