12 வோல்ட்டுன்னு போட்டிருக்கும், நம்பாதீங்க!

இந்தக் கட்டுரை ஒரு பல்பைப் பற்றியது. பல்பு மாட்டுறதுக்கு ஒரு கட்டுரையான்னு கேட்காதீங்க. அந்த பல்பை நான் ஒரு தடவை தப்பா மாத்தி, மாமாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதனாலதான் எழுதுறேன்.

என் மாமா ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். நான் செகண்ட் இயர் படிக்கும்போது, கார்த்திகை மாதம், சபரிமலைக்கு 14 சாமிகளை ஏற்றிக்கொண்டு போனார். தரிசனம் முடித்து நிலக்கல் பார்க்கிங்குக்குத் திரும்பியபோது இரவு மணி 10. எல்லாருக்கும் கால் வலி. சீட்டிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்கள். ரூஃப் லைட் எட்டும் எரிந்துகொண்டே இருந்தன. பையைத் தேட, மருந்து எடுக்க, பாத்ரூம் போக என்று யாராவது எழுந்துகொண்டே இருந்ததால் யாரும் அணைக்கவில்லை.

விடியற்காலை 4 மணிக்கு மாமா சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி டவுன். பக்கத்தில் நின்றது பஸ். அது 24 வோல்ட் என்பதால் அதிலிருந்து ஜம்ப் கொடுக்க முடியாது. இன்னொரு வேன் டிரைவர் எழுந்து வரும்வரை ரெண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். காலை ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு சாமிக்கு ரயில் போய்விட்டது. ஊருக்கு வந்ததும் மாமா என்னிடம் கேட்டார்: "ஏன்டா மாப்ள, நீ கரண்டுதானே படிக்கிற? இதுக்கு ஒரு வழி சொல்லேன்."

எட்டு பல்பு என்ன செய்யும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். வேனில் இருந்தவை 10 வாட்ஸ் பல்புகள். பக்கத்தில் ரெண்டு பின், அடியில் ஒரே ஒரு பாயின்ட் இருக்குமே, அந்த வகை. எட்டு பல்புக்கு 80 வாட்ஸ். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 6.7 ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர்-ஹவர். மாமா வேனில் இருந்த பேட்டரி 75 ஆம்பியர்-ஹவர், அதுவும் பழசு. அதாவது பாதிக்கு மேல் காலி.

மீதி இருக்கிறதே, அது போதாதா? போதாது. டீசல் இன்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும். பாதி காலியான பேட்டரி, அதுவும் குளிரில், அந்த லோடில் வோல்ட்டேஜை விட்டுவிடும். இன்னொன்று, வண்டி பேட்டரி என்பது சில விநாடிக்கு நிறைய கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டது. அதன் பிளேட்டுகள் மெல்லியவை. ராத்திரி முழுக்க லைட் எரித்து அடிமட்டம் வரை இறக்கினால் அதன் ஆயுளே குறையும். வெளிநாடுகளில் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, அந்த கேம்பர் வேன்களில் லைட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக இன்னொரு பேட்டரி வைப்பது இதனால்தான். நம்ம டூரிஸ்ட் வேனில் அந்த வசதி கிடையாது. இருக்கிற ஒரே பேட்டரியைக் காப்பாற்றியாகணும்.

அப்போ விடை எளிது: எல்இடி. ஃபிலமென்ட் பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் மாற்றுகிறது. அந்த 10 வாட்ஸ் பல்பு தரும் வெளிச்சம் சுமார் 125 லூமன். அதே வெளிச்சத்தை எல்இடியில் 2 வாட்ஸுக்குள் எடுத்துவிடலாம்.

நான் சொதப்பிய இடம்

பொங்கல் லீவில் கடைக்குப் போய் '12 வோல்ட்' என்று போட்டிருந்த எல்இடி ஸ்ட்ரிப் ரோல் ஒன்று வாங்கினேன். எட்டுத் துண்டாக வெட்டி, எட்டு லைட்டுக்குள்ளும் ஒட்டி, வயரை சால்டர் பண்ணிக் கொடுத்தேன். வேன் ஜெகஜ்ஜோதியா இருந்துச்சு. மாமாவுக்கு ஒரே பெருமை.

ரெண்டு மாதத்தில் ஒரு துண்டு மினுக்க ஆரம்பித்தது. சித்திரைக்குள் மூன்று துண்டு செத்துப்போச்சு, மிச்சம் மங்கிவிட்டது. "பழைய பல்பே அஞ்சு வருஷம் எரிஞ்சுதேடா" என்றார் மாமா. பதில் சொல்ல முடியவில்லை. தர்ட் இயரில் பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப் வந்தபோதுதான், செத்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன்.

ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி சீரிஸில் இருக்கும், கூட ஒரு ரெசிஸ்டர். ஒரு வெள்ளை எல்இடிக்கு சுமார் 3.2 வோல்ட். மூன்றுக்கு 9.6. பேட்டரி சரியாக 12 வோல்ட் கொடுத்தால் மிச்சம் 2.4 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். 120 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர். எல்லாம் சரிதான்.

ஆனால் வண்டியில் 12 வோல்ட் என்பது ஒரு செல்லப் பேர் மாதிரி. ஃபுல் சார்ஜில் சும்மா நிற்கும் பேட்டரியே 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14.4 வரை கொண்டுபோகும். இப்போ கணக்கைத் திரும்பப் போடுங்கள். 14.4 கழித்தல் 9.6, மிச்சம் 4.8 வோல்ட். கரண்ட் 40 மில்லி ஆம்பியர்! வோல்ட்டேஜ் ஏறியது 20 சதவீதம்தான், கரண்ட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ரெசிஸ்டரின் சூடு நாலு மடங்கு. மாமா ராத்திரிதான் அதிகம் வண்டி ஓட்டுவார், லைட்டும் போட்டிருப்பார். மேலே வெயிலில் காய்ந்த கூரை, கீழே மூடிய பிளாஸ்டிக் கவர். எல்இடி எப்படித் தாங்கும்?

பழைய பல்பு எப்படித் தாங்கியது? ஃபிலமென்ட் சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸும் ஏறும். 20 சதவீதம் வோல்ட்டேஜ் கூடினாலும் கரண்ட் சுமார் 10 சதவீதம்தான் கூடும். அது தன்னைத் தானே அடக்கிக்கொள்கிற ஆள். எல்இடிக்கு அந்த அடக்கம் கிடையாது. அதற்கு வேண்டியது நிலையான வோல்ட்டேஜ் இல்லை, நிலையான கரண்ட். இந்த ஒரு வரி புரிந்தால் மிச்சமெல்லாம் வேலைதான்.

ரெண்டாவது முயற்சி

இந்த முறை ஒவ்வொரு லைட்டுக்கும் 1 வாட்ஸ் எல்இடி ரெண்டு, சீரிஸில். மூன்று போடாததற்குக் காரணம் உண்டு. ரெண்டுக்கு 6.4 வோல்ட் போதும், பேட்டரி 10-க்கு இறங்கினாலும் லைட் எரியும். கூட பிடி4115 என்ற டிரைவர் ஐசி. அதில் 0.1 வோல்ட்டை சென்ஸ் ரெசிஸ்டரால் வகுத்தால் வருவதுதான் எல்இடி கரண்ட். 0.33 ஓம் போட்டேன், 300 மில்லி ஆம்பியர். எல்இடிகளை அலுமினிய போர்டில் வைத்து, போர்டை லைட்டின் தகரத்தோடு தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கினேன். இன்புட்டில் ஒரு டிவிஎஸ் டயோடு. (பைக் கம்பெனி இல்லைங்க!) பேட்டரி டெர்மினல் லூஸாகி ஆடினால் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வோல்ட்டேஜ் துள்ளலை அது வாங்கிக்கொள்ளும்.

லேபில் அளந்தால் 12 வோல்ட்டில் ஒரு லைட் 180 மில்லி ஆம்பியர் எடுத்தது, 14.4-ல் 150. எட்டுக்கும் சேர்த்து, அதே ஆறு மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-ஹவர்கூட ஆகாது. முன்பு 40!

நீங்க மாத்துறதா இருந்தா

சால்டரிங் தெரியாதவர்களுக்கு ரெடிமேட் பல்பே கிடைக்கிறது. பெட்டியில் '12 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள். '10-30 வோல்ட்' என்று இருந்தால் உள்ளே டிரைவர் இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகமா? ஒன்று மட்டும் வாங்கி, லேப் பவர் சப்ளையில் 11-லிருந்து 15 வோல்ட் வரை மெதுவாக ஏற்றுங்கள். கரண்ட் ஏறிக்கொண்டே போனால் வெறும் ரெசிஸ்டர். வோல்ட்டேஜ் ஏற கரண்ட் இறங்கினால் நல்ல டிரைவர்.

- வேலைக்கு முன் ஃபியூஸைக் கழற்றுங்கள். எல்இடி எரியாவிட்டால் பதறாமல் பிளஸ் மைனஸை மாற்றிப் பாருங்கள்.
- ஃபியூஸ் காப்பது வயரை. லோடு குறைந்ததால் 10 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 3 போட்டேன். அதே ஃபியூஸில் வேறு எதுவும் ஓடவில்லை என்று பார்த்த பிறகுதான்.
- கலர் 3000 கெல்வின் பக்கம் வாங்குங்கள். தூங்குகிறவர் கண்ணைக் குத்தாது. நீலம் குறைவு என்பதால் பூச்சியும் குறைவாக வரும்.
- மட்டமான டிரைவர் எஃப்எம் ரேடியோவில் இரைச்சல் போடும். பல்பை மாட்டியதும் ரேடியோ போட்டுப் பாருங்கள்.
- ஹெட்லைட்டில் இதைச் செய்யாதீர்கள். அந்த ரிஃப்ளெக்டர் ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்இடி போட்டால் எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும்.

போன கார்த்திகையில் அதே வேன், அதே நிலக்கல். விடியற்காலை மாமா போன் செய்தார். நான் தூக்கத்தில் பதறி எடுத்தேன். "ஒண்ணுமில்லடா, ராத்திரி பூரா லைட் எரிஞ்சுது. வண்டி ஒரே செல்ஃபுல ஸ்டார்ட் ஆயிடுச்சு. சொல்லலாம்னு போட்டேன், நீ தூங்கு."

அதுக்கப்புறம் எங்கே தூங்குறது!