மழிகத்தி தீட்டல்

சவரம் நாள்தோறும் நிகழ்வது. ஆயினும் அதனைப் பற்றி எழுதுவார் அரியர். நம் கல்லூரிச் சஞ்சிகையில் இப்பொருள் இடம்பெறக் கண்டு அன்பர் சிலர் நகைக்கவுங் கூடும். மழித்தலை வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திற் பேசியுள்ளார். சிம்சோன் சரித்திரமோ சவரக்கத்தியின்றி நடவாது. ஆகலின், தமிழ் மாணவராகிய யாம் இதனைக் கையிலெடுத்ததிற் குற்றமில்லையெனத் துணிந்தோம்.

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோயிலுமே நினைவிற்கு வரும். பிள்ளையார்பாளையத்துத் தறியோசை அறியாதார் இலர். அவ்வோசைக்கு நடுவே, தெருத்திண்ணையொன்றில் அடைப்பத்தை விரித்து, நெசவாளர்க்குச் சவரம் செய்து வாழ்ந்தவர் எம் பாட்டனார். இதனை இக்கல்லூரியில் யாம் இதுவரை எவரிடமும் கூறியதில்லை. அலுவலகமொன்றிற் பணியாற்றும் எம் தந்தையாரும் அதனைப் பற்றி வீட்டிற் பேசுவதில்லை. பாட்டனார் குலத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயர் உண்டு. ஆடவர் கட்டியைக் கீறி மருந்திடவும், பெண்டிர் பிள்ளைப்பேறு பார்க்கவும் வல்லவராயிருந்தமையால் வந்த பெயர் அது. அப்பெயரைச் சொல்லவும் நாணிய எமக்கு, சென்ற கோடை விடுமுறையிற் பழம்பெட்டியொன்றில் அவருடைய கத்தி கிடைத்தது.

அதன் அடிவாலில் ஷெபீல்டு என்னும் ஆங்கில நகரின் முத்திரை இருந்தது. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பார் மண்மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை அந்நகர்ப் பகுதியில் ஏற்படுத்தினார். மூசையில் எஃகு உருக்குதல் நம் நாட்டார்க்கோ அதனினும் மிகப் பழமையான தொழில். ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அதற்குச் சான்று கிடைத்துள்ளது. தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் ஊட்ஸ் என்றழைத்து வியந்தனர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் இராயல் சொசைட்டியில் அதனைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்னியலாற் புகழ்பெற்ற மைக்கேல் பாரடேயும், கத்தி செய்யும் தொழிலினரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதனை ஆராயப் புகுந்து, 1820-இல் எஃகுக் கலவைகளைப் பற்றி எழுதினர். அவ்வெஃகிற் செய்த சவரக்கத்திகளைப் பாரடே தம் நண்பர்க்குப் பரிசாக அளித்தனராம். எம் கையிலிருந்ததோ துருப்பிடித்து, வாயில் ஒரு பல் உடைந்து கிடந்தது.

அதனைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்க எண்ணினோம். பெரியப்பா கண்டு பதறிப் பறித்துக்கொண்டார். விரைந்து சுழலும் சாணையில் மெல்லிய கருக்கு நொடியிற் சூடேறி நீலம் பாயும். பாய்ந்தால் எஃகின் உரம் போயிற்று, பின் எத்துணை தீட்டினும் கூர் நில்லாது. தம் தந்தையாரிடம் தொழில் பயின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சவரம் செய்தவர் பெரியப்பா. அவரே எமக்கு ஆசிரியரானார்.

மழிகத்தியின் சூழ்ச்சி அதன் முதுகில் உள்ளது. முதுகு தடித்தும், இருபக்கமும் உள்வளைவாகக் குடையப்பட்டும், வாய் மெலிந்தும் இருக்கும். கல்லின்மேற் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டுமே கல்லைத் தொடும். ஆதலின் தீட்டுவோன் கோணத்தை அளக்க வேண்டுவதில்லை; முதுகின் தடிப்பே ஏறத்தாழ 16 பாகையை நிறுவித் தருகின்றது. தேயுங்கால் முதுகும் உடன்தேய்தலின் கோணம் பெரிதும் மாறுவதில்லை. இதனை எண்ணியமைத்த கொல்லர் எவரோ, அவரை வணங்கத் தோன்றுகிறது.

கல்லில் நீர் விட்டு, கருக்கு முன்செல்லத் தள்ளி, முதுகின்மேற் புரட்டி, மறுபக்கமும் அவ்வாறே செய்தல் வேண்டும். அழுத்துதல் ஆகாது. முதலில் ஆயிரம் எண்ணுடைய கல். உடைந்த பல் மறையும்வரை அதில் தீட்டவே எமக்கு மூன்று மாலைகள் சென்றன. பின் நாலாயிரம், அதன்பின் எண்ணாயிரம். பெரியப்பா காலத்தில் எண்ணேது? சொரசொரப்பான கல் ஒன்று, வழவழப்பான கல் ஒன்று, அவ்வளவே. “கல்லைப் பார்க்காதே தம்பி, ஓசையைக் கேள்” என்பார். கருக்குச் சீராகப் படியுந்தோறும் கரகரப்பு அடங்கி, ஓசை மெலிந்துவந்ததை யாமும் கேட்டோம்.

கல்லிலிருந்து எடுத்த கத்தியை உடனே முகத்தில் வைத்தலாகாது. தோல்வாரில் தீட்டல் வேண்டும். இங்கே திசை மாறும். முதுகு முன்செல்ல, கருக்குப் பின்வர இழுக்க வேண்டும். மறந்து கல்லில் தள்ளியவாறே தள்ளினோம். வாரில் ஒரு விரல் நீளம் வெட்டு விழுந்தது, கூரும் மடிந்தது. பெரியப்பா சினவாமல் கல்லை மீண்டும் நனைத்தார். கல் சில திங்களுக்கு ஒருமுறை போதும். வாரோ ஒவ்வொரு சவரத்திற்கும் வேண்டும்.

மென்மையான மயிர் வன்மையான எஃகை எங்ஙனம் மழுக்கும் என்று வினவலாம். எஃகு மயிரினும் ஏறக்குறைய 50 மடங்கு வன்மையுடையது. 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதனை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். மயிர் கருக்கின்மேற் சாய்ந்து வளையும்போது, எஃகின் அமைப்புச் சீராயில்லாத இடங்களிற் சிறு சில்லுகள் தெறிக்கின்றன எனக் கண்டனர்.

இனி, இக்கத்தி கடைகளிலிருந்து மறைந்த காரணம். அமெரிக்கராகிய ஜில்லட் 1903-இல் தம் பிளேடு ரேசரை விற்கத் தொடங்கியபின், வீட்டிற் சவரம் செய்துகொள்வார் அதற்கு மாறினர். நம் நாட்டுச் சவரத் தொழிலாளரோ பழங்கத்தியை விடவில்லை. 1986-இல் சென்னையில் எடுத்த குருதி மாதிரிகளில், எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதற் கண்டறியப்பட்டது. பின்னர், ஆள்தோறும் புது பிளேடு வேண்டும் என்னும் பிரசாரம் நாடெங்கும் நடந்தது. கடைகளில் அரை பிளேடு செருகும் கத்தி வந்தது. பெரியப்பாவும் தம் நான்கு கத்திகளை எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி வைத்துவிட்டார். அதன்பின் ஒருநாளும் பிறர் முகத்தில் அவற்றை வைத்ததில்லை. அவர் செய்தது முற்றும் சரியென்பதே எம் கருத்து. ஒருவர் தமக்கே வைத்துக்கொள்ளும் கத்திக்கு அத்தடையில்லை. ஆயினும், தீட்டத் தெரிந்த கைகள் அவர் காலத்தவரோடு ஒழிகின்றன. அவர் மைந்தர் இருவரும் வேறு தொழிலிற் புகுந்தனர்.

விடுமுறை முடியுமுன் யாமே சவரம் செய்துகொண்டோம். வெந்நீரில் முகத்தை நனைத்துச் சற்றே பொறுத்தால் மயிர் நீரையுண்டு இளகும். தோலை மறுகையால் இழுத்துப் பிடித்து, கத்தியை 30 பாகையளவு சாய்த்து, மயிர் வளர்ந்த போக்கிலேயே முதலில் இழுத்தல் வேண்டும். மோவாயில் இருமுறை கீறிக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

அன்று மாலை தந்தையார் மேசைமேல் அக்கத்தியைக் கண்டார். சிறிது நேரம் வாளாநின்றார். பின்னர் அதனை எடுத்து, வாரை இடக்கையால் இறுகப் பிடித்து, முதுகு முன்செல்லப் பத்துப் பன்னிரண்டு முறை பிழையின்றி இழுத்து, கட்டைவிரலிற் கூர் பார்த்து மடித்து வைத்தார். நுனியில் இன்னும் சற்றுக் குறையிருக்கிறதென்றும், நாளை அண்ணனிடம் கேட்டுச் சரிசெய்யென்றும் சொன்னார்.