வன்னி நிலமும் மதுவின் கேடும்

பனையின் பாளையினின்றும் வடியும் சாறு ஒன்றே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது கருப்பநீராய்ச் சிறுவரும் பருகும் இன்சுவைப் பானமாகும். பூசாது விடின் நொதித்துக் கள்ளாகும். காவல் நீங்கியவிடத்துக் கேடு புகும் என்னும் இவ்வுண்மை மனித வாழ்வுக்கும் பொருந்தும். வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால நிலை இதற்குச் சான்றாகும்.

வயலும் குளமும் காடும் சூழ்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் நெடும்போரின் கொடுமையைத் தாங்கியவை. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டனர். மீண்டு வந்தோர் வீட்டையும் விளைவையும் மட்டும் இழந்தாரல்லர்; உறவையும், தொழிலையும், உறக்கத்தையும், ஊரின் கட்டுக்கோப்பையும் இழந்திருந்தனர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், வன்னி மக்களின் துன்பத்தைத் தனியொருவர் நோயாகவன்றிச் சமூகம் முழுவதும் தாங்கிய மனவடுவாகவே நோக்கினார். அவ்வடுவை மறக்க விழைந்தோர் பலருக்கு எளிதிற் கிட்டிய மருந்து மதுவே.

ஆயின் அம்மருந்து நோயை வளர்ப்பது. மது முதலிற் கண்ணயர்வைத் தரும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். முன்பெற்ற அமைதியையே பெறுதற்கு நாளுக்குநாள் அளவு மிகும். ஈரல் அதனைச் சிதைக்கையில் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருள் தோன்றும். மதுபானம் புற்றுநோயை விளைவிப்பது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988 இலேயே வகைப்படுத்தியது. 2019 இல் உலகெங்கும் ஏறத்தாழ 26 இலட்சம் இறப்புகள் மதுவால் நேர்ந்தன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

தவறணைச் சாராயத்தினும் கொடியது கசிப்பு. சீனியும் ஈஸ்டும் சேர்த்து நொதிக்கவைத்த கோடாவைக் காட்டோரங்களில் மறைவாக வடிப்பதால், அதன் வலிமையும் தூய்மையும் எவராலும் அளக்கப்படுவதில்லை. நெல் விற்ற பணமும் நாட்கூலியும் இதன்வழி அழிய, அடுப்பெரியாத வீட்டிற் பிள்ளையின் படிப்பு முதலிற் பலியாகின்றது. கடல்வழி வரும் கஞ்சாவும், ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமீனும் இளைஞரை இன்னும் விரைந்து வீழ்த்துவன.

21 வயதிற்குட்பட்டோர்க்கு மது விற்றலை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் வேண்டுவதே, எனினும் தண்டம் ஒன்றே மனவடுவை ஆற்றாது. நெடுநாட் குடித்தவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கும் ஊறு நேரலாம். ஆதலின் அவரை இகழ்ந்து ஒதுக்காது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுதல் சுற்றத்தார் கடன். வகுப்பில் ஒரு மாணவன் வாடியிருப்பின், தண்டிக்குமுன் அவன் வீட்டு நிலையை உசாவுதல் ஆசிரியர் கடன்.

கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். அவ்வறம் ஏட்டளவில் நில்லாது, தொழிலும் விளையாட்டும் வாசிகசாலையும் நல்லுறவுமாய் ஊர்தோறும் உருப்பெறல் வேண்டும். முட்டியிற் பூசிய சுண்ணாம்பு போல இளமையைக் காப்பன இவையே.