பூஜ்யமும் வெற்றுக் கட்டமும்

மாணவர்களே! உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். வந்தவருக்கு ஒரு குறி இருக்கும். வராதவருக்கு வேறொரு குறி இருக்கும். சிற்சில வேளைகளில் ஒரு கட்டம் ஒன்றும் எழுதப்பெறாமல் வெறுமையாக நின்றுவிடுவதும் உண்டு. அந்த வெற்றுக் கட்டத்தின் பொருள் என்ன? மாணவன் வந்தான் என்பதா, வரவில்லை என்பதா? இரண்டும் அல்ல. ஆசிரியர் அன்று அவன் பெயரைக் கூப்பிடவில்லை என்பதே பொருள். பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதுவது வேறு. பாராமலே விட்டுவிடுவது வேறு.

இவ்வேறுபாடு மிகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும் பல நாடுகள் ஒன்றுகூடி நடத்தும் சுகாதாரப் பணிகளில் இதனை மறந்ததால் நேர்ந்த கேடுகள் பல. இதனை நினைவில் வைத்ததால் மனித குலத்தைப் பல நூற்றாண்டுகளாக வாட்டிய ஒரு கொடிய நோய் உலகினின்றே ஒழிந்தது. நோய்க் கணக்கு எடுப்போரின் வேலை எத்தகையது, அதனை முன்னின்று நடத்துவோரின் பொறுப்பு எத்தகையது என்பவற்றை அவ்வரலாற்றைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

நோய்க்கு நாட்டெல்லை இல்லை. ஒரு துறைமுகத்தில் கப்பல் ஏறிய பிளேக் மற்றொரு துறைமுகத்தில் இறங்கும். ஆதலின் ஒரு நாட்டின் நோய்ச் செய்தி மற்ற நாடுகளுக்கு விரைவில் தெரியவேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. 1851ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் முதல் சர்வதேச சுகாதார மாநாடு கூடிற்று. பின்னர் சர்வதேச சங்கம் 1925ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு செய்திக் காரியாலயத்தை ஏற்படுத்தியது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து வாரந்தோறும் அங்கே தந்திகள் வந்து சேரும். காலரா, பிளேக், பெரியம்மை ஆகியவை எங்கே எத்தனை பேருக்குக் கண்டன என்பது அவற்றில் இருக்கும். அச்செய்திகளைத் தொகுத்து, சைகோன் முதலிய இடங்களிலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் வாயிலாக வாரந்தோறும் ஒலிபரப்பினர். நடுக்கடலில் செல்லும் கப்பலும் அடுத்த துறைமுகத்தின் நிலையை அறிந்துகொள்ள முடிந்தது. நோய்ச் செய்திக்கும் வானொலிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது.

இனிப் பெரியம்மைக்கு வருவோம். இந்நோயை உலகினின்று ஒழிக்கலாம் என்று 1958ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பேரவையில் சோவியத் பிரதிநிதி முன்மொழிந்தார். அடுத்த ஆண்டில் பேரவை அதனை ஏற்றது. நம் நாட்டில் 1962ஆம் ஆண்டில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. நூற்றுக்கு எண்பது பேருக்கு அம்மை குத்திவிட்டால் நோய் தானே அடங்கிவிடும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. கோடிக்கணக்கானோருக்கு அம்மை குத்தியதாகக் கணக்குகள் வந்தன. நோயோ அடங்கவில்லை.

காரணம் யாது? எண்ணவேண்டியதை எண்ணாமல், எண்ணுவதற்கு எளிதானதை எண்ணியதே காரணம். அம்மை குத்துபவர் பள்ளிக்கூடத்துக்குச் சென்றால் நூறு பிள்ளைகள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்பார்கள். சென்ற ஆண்டு குத்திய பிள்ளைக்கே இவ்வாண்டும் குத்தினாலும் கணக்கில் ஒன்று கூடும். பள்ளிக்கே வராத குழந்தை, வேலை தேடி ஊர் ஊராகச் செல்லும் கூலியாள், தெருவோரத்தில் படுத்துறங்கும் ஏழை ஆகியோர் அக்கணக்கில் ஏறவில்லை. நோய் தங்கியிருந்ததோ அவர்களிடத்தில்தான். செய்த வேலையின் அளவைக் கணக்கு காட்டிற்று. எஞ்சியிருந்த நோயின் அளவை அது காட்டவில்லை.

நோயாளிகளின் கணக்கிலும் பெருங்குறை இருந்தது. 1967ஆம் ஆண்டில் உலக நாடுகள் அனைத்தும் அறிவித்த பெரியம்மை நோயாளிகளின் தொகை ஏறத்தாழ 1,31,000. பின்னர் மதிப்பிட்டுப் பார்த்தபோது, அவ்வாண்டில் உண்மையில் நோய் கண்டவர்கள் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி வரை இருக்கலாம் என்று தெரிந்தது. அதாவது, நூறு நோயாளிகளில் ஒருவரே கணக்கில் ஏறினார். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் வெற்றுக் கட்டங்களாக நின்றனர். பார்த்து எழுதுவார் இல்லாத ஊர்களையெல்லாம் நோயில்லாத ஊர்கள் என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்தது.

அதே 1967ஆம் ஆண்டில் ஒழிப்புத் திட்டம் தீவிரமாக்கப்பட்டது. ஜெனீவாவில் அதற்குத் தலைமை தாங்கியவர் டி. ஏ. ஹெண்டர்சன் என்னும் அமெரிக்க மருத்துவர். தடுப்பு மருந்தின் தரத்துக்கு அடுத்தபடியாக அவர் வற்புறுத்தியது செய்தி சேகரிப்பையே. ஒவ்வொரு சுகாதார நிலையமும் வாரந்தோறும் அறிக்கை அனுப்பவேண்டும். நோயாளி எவரும் இல்லையென்றாலும், தேடிப் பார்த்து 'இல்லை' என்று எழுதி அனுப்பவேண்டும். அறிக்கை வாராத நிலையத்தை நோயற்ற இடமாகக் கொள்ளலாகாது. ஏன் வரவில்லை என்று நேரில் சென்று விசாரிக்கவேண்டும். வந்த செய்திகளைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், தொகுத்து அச்சிட்டு, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பவேண்டும். தான் எழுதிய எண்ணை யாரோ படிக்கிறார்கள், அதனால் ஒரு காரியம் நடக்கிறது என்று கண்ட ஊழியர் மறு வாரம் இன்னும் கருத்தாக எழுதுவார் அல்லவா?

சரியான செய்தி கிடைத்தால் எவ்வளவு பெரிய வேலை எளிதாகும் என்பதற்கு நைஜீரியா நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 1966ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் பெரியம்மை தோன்றியதாகச் செய்தி வந்தது. அங்கிருந்த வில்லியம் ஃபேகி என்னும் மருத்துவரிடம் எல்லாருக்கும் போதுமான மருந்து இல்லை. அப்பகுதியின் கிறிஸ்தவ மிஷன் ஊழியர்கள் மாலைதோறும் கம்பியில்லாக் கருவி மூலம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது வழக்கம். மருத்துவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு, இன்னின்ன ஊர்களுக்கு இன்னார் ஆள் அனுப்பி, நோய் உண்டா என்று பார்த்துவரவேண்டும் எனப் பங்கிட்டுக் கொடுத்தார். மறுநாள் மாலையிலேயே நோயுள்ள ஊர்கள் எவை என்பது தெரிந்துவிட்டது. இருந்த மருந்தை அவ்வூர்களிலும், நோய் அடுத்துச் செல்லக்கூடிய இடங்களிலும் மட்டும் பயன்படுத்தினார். பெரும்பாலோருக்கு அம்மை குத்தாமலே நோய் நின்றுபோயிற்று.

இது கைகூடியதற்குப் பெரியம்மையின் இயல்பும் ஒரு காரணம். அது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவும், விலங்குகளிடம் தங்காது. நோய் கண்டவர் முகத்திலும் கைகளிலும் கொப்புளங்கள் வெளிப்படையாகத் தோன்றும். தொற்றியபின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் பன்னிரண்டு நாட்கள் ஆகும். அதற்குள் நோயாளியைக் கண்டு, அவரைச் சூழ்ந்திருப்பவர்களுக்கு அம்மை குத்திவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். ஆனால் முதலில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பது தெரியவேண்டும்.

நம் நாட்டில் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது 1973ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில். தென் மாநிலங்களில் நோய் அதற்கு முன்பே பெரும்பாலும் ஒடுங்கிவிட்டது. உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய வட மாநிலங்களிலேயே அது வேரூன்றி நின்றது. சுகாதார ஊழியர்கள் தம் மற்ற வேலைகளைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, கிராமம் கிராமமாகத் தேடலாயினர். பெரியம்மை கண்ட குழந்தையின் படம் ஒன்றைக் கையில் கொண்டு, சந்தையிலும் டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் காட்டி, 'இப்படி யாரையாவது கண்டதுண்டா?' என்று கேட்டனர். ஊரில் யார் வீட்டில் யாருக்கு நோய் என்பதை உங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளே தயக்கமின்றிச் சொன்னார்கள். அதுவரை எந்த ஏட்டிலும் ஏறாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டனர். பின்னாளில் இத்தேடல் வீடு வீடாக விரிந்தது. தேடியது உண்மைதானா என்று பார்க்க வேறொரு குழு பின்னால் சென்று சில ஊர்களில் மீண்டும் விசாரித்தது.

இங்கேதான் தலைமை தாங்குவோருக்குப் பெருஞ்சோதனை வந்தது. 1973ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 88,000 பேர். 1974ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,88,000 பேர். பீகாரில் நோய் உண்மையாகவே கொதித்தெழுந்தது. அத்துடன் முன்பு மறைந்திருந்தவையும் இப்போது கணக்கில் ஏறின. எண்களை மட்டும் பார்த்தவர்கள் திட்டம் தோற்றுவிட்டது என்றனர். பழையபடி எல்லாருக்கும் அம்மை குத்தும் முறைக்கே திரும்பலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது, நோயாளிகளை மிகுதியாகக் கண்டு எழுதிய ஊழியரைக் கடிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த மாதமே எண்கள் குறைந்திருக்கும். நோய் மட்டும் குறையாது. உண்மையை எழுதுகிறவனுக்குத் தண்டனையும் மறைக்கிறவனுக்குப் பாராட்டும் கிடைக்குமானால், எல்லா ஏடுகளும் அழகாக இருக்கும். ஊரில் பிணங்கள் விழுந்துகொண்டேயிருக்கும்.

நல்லவேளையாகப் பொறுப்பாளர்கள் கலங்கவில்லை. நோயாளியைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தனர். முதலில் ஐம்பது ரூபாயாக இருந்த பரிசு, நோய் குறையக் குறைய உயர்ந்து, 1975ஆம் ஆண்டில் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. செய்தி அரிதாக அரிதாக அதன் விலை ஏறியது. அவ்வாண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிவுற்றது. ஆனால் உடனே வெற்றி முழக்கம் செய்யவில்லை. கடைசி நோயாளிக்குப் பின் குறைந்தது ஈராண்டுகள் ஓயாமல் தேடி, ஒருவரும் இல்லை என்று கண்ட பிறகே நோயற்ற நாடு எனச் சான்றளிக்கலாம் என்பது விதி. ஏறத்தாழ ஈராண்டுத் தேடலுக்குப் பின், 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் நமக்குச் சான்று கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சோமாலியா நாட்டில் ஒருவருக்குக் கண்டதே உலகில் இயற்கையாகத் தோன்றிய கடைசிப் பெரியம்மை. 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், நோய் ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. அன்று எழுதப்பட்டது உண்மையான பூஜ்யம்.

இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியில் இக்கொள்கை மேலும் நுட்பமாயிற்று. குழந்தைகளின் கைகால்கள் திடீரெனத் துவண்டுபோவதற்கு அந்நோயைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அவற்றால், பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கேனும் இத்துவளல் நேரும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே துவண்டுபோன எல்லாக் குழந்தைகளையும் அறிவிக்கச் சொல்லி, ஒவ்வொருவரின் மலத்தையும் சோதித்துப் பார்க்கின்றனர். பெரியதொரு மாவட்டத்திலிருந்து ஒரு குழந்தையைப் பற்றியும் அறிவிப்பு வரவில்லையானால், அம்மாவட்டம் நலமாக இருக்கிறது என்று மகிழ்வதில்லை. அங்கே எவரும் பார்க்கவில்லை என்று ஐயுறுகின்றனர். இவ்வாறு மௌனத்தையே சோதிக்கும் அளவுகோல் ஒன்று கிடைத்தது. இந்தியாவில் இயற்கைக் கிருமியால் நேர்ந்த கடைசி இளம்பிள்ளை வாதம் 2011ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014ஆம் ஆண்டு மார்ச்சில் நமக்குச் சான்று கிடைத்தது.

எனினும் வெற்றுக் கட்டங்கள் உலகில் இன்னும் நிறைய உண்டு. கொரோனாத் தொற்றின்போது, 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் அத்தொற்றால் இறந்தோர் என நாடுகள் அறிவித்தது ஏறத்தாழ 54 லட்சம். அத்தொற்றினாலும் அதன் விளைவுகளாலும் வழக்கத்துக்கு மேல் மிகுதியாக இறந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. பிறப்பையும் இறப்பையும் ஒழுங்காகப் பதியாத நாடுகள் பல இருப்பதும் இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம். கணக்கில் ஏறாதவரின் துன்பத்துக்கு மருந்தோ பணமோ ஒதுக்க எவருக்கும் தோன்றாது.

மாணவர்களே! உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் கணிதம் பயின்று புள்ளிவிவரத் துறைக்குச் செல்வீர்கள். சிலர் ஒரு நாள் பல நாடுகளின் செய்திகளைத் தொகுக்கும் பொறுப்பிலும் அமரலாம். எந்திரங்கள் இன்று கூட்டலையும் பெருக்கலையும் நொடியில் செய்துவிடுகின்றன. ஆனால் முதல் எண்ணை எழுதுகிறவர், வெயிலில் ஒரு கிராமத்துக்கு நடந்து சென்று கதவைத் தட்டிக் கேட்கும் ஓர் ஊழியர்தான். அவர் தேடினாரா என்று விசாரியுங்கள். அவர் கெட்ட செய்தி கொண்டுவந்தால் முதலில் நன்றி சொல்லுங்கள். நீங்களே ஏட்டை எழுத நேர்ந்தால், பாராத இடத்தில் பூஜ்யம் எழுதாதீர்கள்; கட்டத்தை வெறுமையாக விட்டு, சென்று பார்த்துவிட்டு வந்து நிரப்புங்கள்.