குன்றிமணி: பிள்ளையாருக்குக் கண், பிள்ளைகளுக்கு நஞ்சு

பிள்ளையார் சதுர்த்தி வந்தால், தேவராஜ மொஹல்லாவிலும் நம்மவர் வீடுகளில் களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வைப்பது வழக்கம். அக்கம்பக்கத்துக் கன்னடத்தார் 'குலகஞ்சி' என்பார்கள். பொற்கொல்லரின் எடைக்கல்லாகவும் இருந்த இவ்விதையின் எடை சுமார் 120 மில்லிகிராம்தான்.

ஆனால் இதிலுள்ள ஏப்ரின் என்னும் நஞ்சு, உயிரணுக்கள் புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடும். ஓடு கெட்டியானதால், முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, விதை துளையிட்டதாக இருந்தாலோ ஆபத்து. வாந்தி, இரத்தபேதி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். மாற்று மருந்து கிடையாது. இவ்விதை கோத்த கைவளையங்களை 2011-இல் இங்கிலாந்தில் விற்றவர்களே திரும்பப் பெற்றார்கள்.

இதுவே மருந்தும் ஆகிறது. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து பயன்படுத்துகிறார்கள்; முடி உதிர்வுக்கான மேற்பூச்சுத் தைலத்திலும் சேர்க்கிறார்கள். மத்திய அரசின் மருந்து விதிகளில், நச்சு மூலிகைப் பட்டியலில் குன்றிமணி உண்டு. ஆகவே வீட்டில் கைவைத்தியம் வேண்டாம்.

பிள்ளையாரைக் கரைக்குமுன் இரண்டு கண்களையும் எடுத்து, எண்ணி, டப்பாவில் பூட்டி வையுங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மாதிரிக்கு ஒரு விதையோடு கே.ஆர். ஆஸ்பத்திரிக்கு உடனே செல்லுங்கள்.