பென்சில் குழு உருவப்படத்தில் பின்புலம்

பென்சில் குழு உருவப்படத்தில் பின்புலம் என்பது, மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஒரே தாளில் பென்சிலால் வரையும்போது அவர்களின் உருவங்களுக்குப் பின்னாலும் இடையிலும் அமையும் பரப்பைக் குறிக்கும். இப்பரப்பை வெறுந்தாளாகவே விடலாம், சாம்பல் சாயலால் நிரப்பலாம், அல்லது அறை, மரம், கோயில் போன்ற ஓர் இடமாக வரையலாம். எண்ணெய் வண்ண ஓவியத்தில் இம்முடிவை இடையில் மாற்றிக்கொள்ள இயலும். பென்சில் ஓவியத்திலோ தாளின் வெண்மையே மிகுந்த வெளிச்சம் ஆகும். அழுத்தித் தீட்டிய இடத்தில் அந்த வெண்மையை அழிப்பானால் முழுமையாக மீட்க இயலாது. ஆகவே முதல் முகத்தை வரைவதற்கு முன்பே பின்புலம் குறித்து முடிவு செய்ய வேண்டியுள்ளது.

இக்கட்டுரையில் சென்னையின் மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் இடங்கள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

முகமும் விளிம்பும்

தமிழ்க் குடும்பப் படம் ஒன்றில் பொதுவாகக் கருங்கூந்தலும், நரைத்த தலையும், வெள்ளை வேட்டியும் அருகருகே இருக்கும். வெறுந்தாளில் கருங்கூந்தலின் விளிம்பு தானே தெளிவாக நிற்கும். நரைத்த தலையும் வேட்டியும் தாளோடு கரைந்துவிடும். பின்புலத்தை முழுவதும் கருமையாக்கினால் இதற்கு நேர்மாறாக நிகழும். எனவே ஒரே சீரான சாயலைத் தவிர்த்து, நரைத்த தலைக்குப் பின்னால் சற்று அடர்த்தியாகவும் கருங்கூந்தலுக்குப் பின்னால் மெல்லியதாகவும் சாயல் இடுவது வழக்கம். மாற்றம் படிப்படியாக இருந்தால் பார்ப்பவர் அதைக் கவனிப்பதில்லை.

இரு தலைகளுக்கு இடையிலும், இடுப்பில் வைத்த கைக்கும் உடலுக்கும் நடுவிலும் தோன்றும் சிறு இடைவெளிகளும் பின்புலத்தின் பகுதிகளே. புதியவர்கள் பெரும்பாலும் இவற்றை மறந்து வெள்ளையாக விட்டுவிடுகின்றனர். சுற்றிலும் சாயல் இருக்கையில் இந்த வெண்புள்ளிகள் முகங்களை விட முன்னதாகக் கண்ணை இழுக்கும்.

ஒளியின் திசை

குடும்பக் குழுப் படங்கள் பல, வெவ்வேறு காலத்து ஒளிப்படங்களைச் சேர்த்தே வரையப்படுகின்றன. மறைந்த தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு ஸ்டூடியோ படமாக இருக்கலாம். அதில் ஒளி நேர் முன்னிருந்து வந்திருக்கும். பேரனின் படம் கைபேசியில், இடப்பக்க சன்னல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருக்கும். இருவருக்கும் பின்னால் சன்னலுடன் கூடிய கூடத்தை வரைந்தால், ஒருவர் அந்தக் கூடத்தில் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

நிழலை மாற்றி வரைந்து இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். ஆனால் பென்சில் படத்தில் மூக்கும் கண்குழியும் தாடையும் நிழலின் வடிவத்தாலேயே அமைகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கோணப் படம் எதுவும் இல்லாத நிலையில் நிழலை ஊகித்து நகர்த்தினால் சாயல் கெடும். வரைந்தவருக்கு அது புலப்படாவிட்டாலும் பாட்டிக்குப் புலப்படும். இத்தகைய படங்களில் இடத்தையே காட்டாமல், உருவங்களின் ஓரத்தில் மெல்லிய சாயலை மட்டும் இட்டு வெறுந்தாளாக மங்கவிடுவதே பாதுகாப்பான வழி. இடம் இல்லையெனில் ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் வலுவாக எழுவதில்லை. பழைய ஸ்டூடியோ படங்களில் காணப்படும் தூண், திரைச்சீலை, தீட்டப்பட்ட தோட்டம் ஆகியவற்றையும் ஒருவருக்கு மட்டும் பொருந்தும் என்பதால் விட்டுவிடலாம்.

கோபுரமும் அளவும்

மயிலாப்பூர்க் குடும்பங்களைப் பொறுத்தவரை எளிதில் நினைவுக்கு வரும் பின்புலம் கபாலீசுவரர் கோயில் கோபுரம். 1906இல் கட்டப்பட்ட கிழக்கு இராசகோபுரம் ஏறத்தாழ 37 மீட்டர் உயரமுடையது. குளம் கோயிலின் மேற்கில் உள்ளது. ஆகவே குளத்தங்கரைப் படத்தில் இராசகோபுரத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது பிழையாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அளவில் உள்ளது. 1.6 மீட்டர் உயரமுள்ளவர்கள் பார்ப்பவரிடமிருந்து 3 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். கோபுரம் அவர்களைப் போல் இருமடங்கு உயரமாகத் தோன்ற வேண்டுமெனில், பார்ப்பவர் கோபுரத்திலிருந்து சுமார் 35 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பார்ப்பவரின் கண்மட்டம் 1.5 மீட்டர் எனில், நிற்பவர்களின் பாதம் முதல் கோபுர உச்சி வரையிலான மொத்த உயரம், படத்தில் ஓர் ஆளின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 2.9 மடங்கு ஆகிறது. 42 செ.மீ. உயரமுள்ள ஏ3 தாளில் இது அடங்க வேண்டுமானால் ஆள் 14 செ.மீ. உயரத்தையே பெறுவார். அவர் முகம் 2 செ.மீ.க்கும் குறைவு, ஒரு கண்ணின் அகலம் 2 முதல் 3 மி.மீ. மட்டுமே. அந்த அளவில் ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டுவது மிகக் கடினம். அதாவது, முழுக் கோபுரத்துக்கு விலையாக முகங்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். உருவங்களை இடுப்பளவில் நிறுத்தி, கோபுரத்தின் கீழ்நிலைகளை மட்டும் மங்கலாகக் காட்டுவது நல்ல மாற்று.

சமதரையில் நிற்கும் ஒருவர் பார்ப்பதாக வரையும் படத்தில் தொடுவானக் கோடு அவருடைய கண்மட்டத்தில் அமையும். ஏறத்தாழ அதே உயரமுள்ளவர்கள் எவ்வளவு தொலைவில் நின்றாலும் அக்கோடு அவர்களின் கண்களை ஒட்டியே செல்லும். பல படங்களிலிருந்து ஆட்களைச் சேர்க்கும்போது இக்கோட்டை மெலிதாக வரைந்துகொண்டால், ஒருவர் மிதப்பதும் மற்றொருவர் குழியில் நிற்பதும் தவிர்க்கப்படும்.

காலம்

பின்புலம் படத்துக்கு ஒரு காலத்தையும் கொடுத்துவிடுகிறது. அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்திலுள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்தது. விழுதுகளே இன்று மரமாக நிற்கின்றன. அடிமரத்தைப் பின்னால் வரைந்து, 2005இல் பிறந்த பேத்தியை அதன் முன் நிறுத்தினால் அப்படம் ஒருபோதும் நிகழாத ஒன்றைச் சொல்கிறது. குடும்பம் அதை அறிந்தே விரும்பினால் தடையில்லை. அறியாமல் நேர்வதே பிழை.

முன்னோடிகள்

இளைய ஆன்சு ஒல்பைன் 1527 அளவில் தாமசு மோர் குடும்பத்துக்காக மையால் வரைந்த முன்வரைவு பாசெல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் கடிகாரம், திரை முதலியவற்றுடன் அறை முழுவதும் வரையப்பட்டுள்ளது. செய்ய வேண்டிய மாற்றங்கள் தாளிலேயே எழுதப்பட்டுள்ளன. பின்புலத்தை முன்வரைவிலேயே முடிவு செய்ததற்கு இது நல்ல சான்று. ஆங்ரே 1818இல் பென்சிலால் வரைந்த இசுட்டமாட்டி குடும்பப் படம் (லூவர் அருங்காட்சியகம்) வேறு வழியைக் காட்டுகிறது. முகங்களில் நுண்ணிய நிழல் இருக்க, உடைகளும் அறையும் பெரும்பாலும் கோடுகளாகவே உள்ளன. மகள் அமர்ந்திருக்கும் பியானோவே இடத்தை உணர்த்திவிடுகிறது.

தமிழ்நாட்டில் கோயிலைக் கோட்டோவியமாக வரைந்தவர்களுள் சில்பி (பி. எம். சீனிவாசன்) முதன்மையானவர். ஆனந்த விகடனில் வெளிவந்த "தென்னாட்டுச் செல்வங்கள்" தொடருக்காகக் கோயில்களுக்கு நேரில் சென்று வரைந்தார். அவருடைய நுணுக்கத்தைக் குழுப் படத்தின் பின்புலத்தில் அப்படியே கொண்டுவர முயல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில்பியின் படங்களில் சிற்பமும் கோயிலுமே கருப்பொருள், பின்புலம் அல்ல.

செய்முறை

முழுத்தாளில் தொடங்குமுன், உள்ளங்கை அளவில் மூன்று நான்கு சிறு வரைவுகளில் வெறுந்தாள், மெல்லிய சாயல், அடர்சாயல் ஆகியவற்றைச் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பாதி வரைந்த பின் ஐயம் எழுந்தால், படத்தின் மீது டிரேசிங் தாளை வைத்து அதில் சாயலிட்டுப் பார்க்கலாம்.

அகன்ற பரப்பை 6பி, 8பி பென்சில்களால் அழுத்தி நிரப்பினால் காரீயகம் பளபளக்கும். சன்னலுக்கு எதிரே மாட்டிய படத்தில் பின்புலம் கருமையாகத் தெரியாமல் வெள்ளியாக மின்னும். 2பி அல்லது 4பி பென்சிலால் பல மெல்லிய அடுக்குகளாக இடுவது இதைக் குறைக்கிறது. கையால் கலையாதிருக்க, வலக்கைப் பழக்கமுள்ளவர் மேல் இடப்புறத்திலிருந்து தொடங்கி, கைக்கடியில் ஒரு வெற்றுத்தாளை வைத்துக்கொள்வது வழக்கம். சென்னையின் கடற்கரை ஈரப்பதத்தில் தாள் எளிதில் நெளியும். ஆதலால் சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாதவாறு நடுவில் அட்டை விளிம்பு வைக்கப்படுகிறது.