உங்களுக்குத் தெரியுமா? சலங்கை கட்டினால் போட்டிதான்!

பாலே ஆடும் பிள்ளைகள் போட்டி போடும் படம் என்றால், கோவில்பட்டி டீக்கடையில் "நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றுதான் கேட்பார்கள். கொஞ்சம் இருக்கிறது. படியுங்கள்.

● 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு மல்லுக்கு நிற்கும் நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்தது. திரையில் வாசிப்பவர் ஜெமினி கணேசன். காருகுறிச்சியார் குடியிருந்தது கோவில்பட்டியில். அவருடைய சிலையும் இங்கேதான் இருக்கிறது. பாட்டின் புகழில் மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு: குமாரி கமலாவும் குசலகுமாரியும் எதிரெதிரே நின்று ஆடும் போட்டி நடனமும் அதே படத்தில்தான்.

● தமிழ்த் திரையின் மிகப் பிரபலமான இரண்டு ஆட்டப் போட்டிகளுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஆள்! 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் மோதும் பாட்டை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. பாடியவர்கள் பி. லீலா, ஜிக்கி. அந்த ஆட்டத்துக்கு நடுவே பி.எஸ். வீரப்பா போட்ட ஒரு வரிக் கூச்சல் இன்றைக்கும் ஊர் வாயில் இருக்கிறது. 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை எழுதியவரும் இதே சுப்புதான். அதில் நாகஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் போட்டி. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது சிவாஜிக்காக உண்மையில் ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

● 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு: அடிப்படையில் அது இரண்டு கரகாட்டக் குழுக்கள் மோதும் கதை. தேவிகாவின் மகள் கனகாவுக்கு முதல் படம். மதுரையில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. இளைஞர்கள் எதிரெதிர் நின்று ஆடும் நடனப் படம் என்று பார்த்தால், அமெரிக்காக்காரர் எடுத்த எதற்கும் இது இளைத்ததில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கடைசிக் காட்சியில் நடுவர்கள் மார்க் போடுவார்கள், இங்கே பூக்குழி இறங்க வேண்டும்.

● கரகம் இரண்டு வகை. சாமிக்கு எடுப்பது சக்திக் கரகம், கூட்டத்துக்கு ஆடுவது ஆட்டக் கரகம். செம்பின் உச்சியில் ஒரு கிளி. கையால் தொடக் கூடாது. கழுத்தும் முதுகும் நேராக இருக்க, இடுப்புக்குக் கீழேதான் எல்லா வேலையும். பாலே ஆசிரியர் மாணவியிடம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் அவள் தலையில் செம்பு கிடையாது, பக்கத்தில் நையாண்டி மேளமும் கிடையாது. நாகஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் காதோரம் நின்று முடுக்க, ஏணியில் ஏறி ஆடுகிறவர்களும் உண்டு.

கரிசலில் மழையை நம்பி விதைத்த வெள்ளாமை தை, மாசியில் வீடு வந்து சேரும். அதற்குப் பிறகு பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் கோயில் கொடைகள். ஆட்டக்காரர்களுக்கு வருஷ வருமானத்தில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான். போட்டியில் ஜெயித்தால் சட்டையிலோ சேலையிலோ ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். பரிசு அதோடு முடிந்தது.

● பாலே போட்டியில் பரிசு வேறு மாதிரி. 1973இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய லோசான் போட்டியில் 15 முதல் 18 வயதுப் பிள்ளைகள் மரபு பாலே ஒன்று, நவீன நடனம் ஒன்று என இரண்டும் ஆடிக் காட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. ஜெயித்தவர்களுக்கு நல்ல பாலே பள்ளியிலோ குழுவிலோ இடமும், அங்கே படிக்க உதவித்தொகையும் கிடைக்கும். கோப்பையைவிட அந்த இடத்துக்குத்தான் அடிதடி. நம் ஊர்ப் போட்டி ஆட்டக்காரிக்கு இப்படி ஒரு பள்ளி வாசல் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் இன்னும் படம் எடுக்கவில்லை.

● 1999இல் தொடங்கிய 'யூத் அமெரிக்கா கிராண்ட் பிரி' போட்டிக்கு வந்த சிறுவர் சிறுமியரைப் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம் 'ஃபர்ஸ்ட் பொசிஷன்' (2011). அதில் ஒருத்தி மிகேலா டிபிரின்ஸ். உள்நாட்டுப் போரால் சிதறிய சியரா லியோனில் அநாதை இல்லத்தில் இருந்தவள், ஒரு பத்திரிகை அட்டையில் பாலே நாட்டியக்காரியின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டாள். பின்னாளில் நெதர்லாந்தின் தேசிய பாலே குழுவில் முன்னணிக்கு வந்தார். 2024இல், 29 வயதில் காலமானார்.

● இந்தியாவிலும் இதே மாதிரி நிஜக்கதை உண்டு. மும்பையில் டாக்ஸி ஓட்டுநரின் மகன் மனிஷ் சவுகான், வெல்டரின் மகன் அமிருதீன் ஷா. இருவருக்கும் பாலே சொல்லிக்கொடுத்தவர் இஸ்ரேலிலிருந்து வந்த யெஹுதா மாவோர் என்ற கண்டிப்பான வாத்தியார். அமிருதீன் 2017இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். 'சலாம் பாம்பே'க்குத் திரைக்கதை எழுதிய சூனி தாராபொரேவாலா இவர்களைப் பற்றி முதலில் குறும்படம் எடுத்தார், பிறகு 2020இல் 'யே பாலே' என்ற முழுப்படம் எடுத்தார். அதில் மனிஷின் வேடத்தில் மனிஷே நடித்தார். பையன் ஆடப் போகிறேன் என்றதும் அப்பா முகம் சுளிப்பதைப் பார்த்தால் அது மும்பையா, இளையரசனேந்தலா என்றே தெரியாது.

நடிகருக்கு ஆடப் பழக்குவதைவிட ஆட்டக்காரரை நடிக்க வைப்பது சுலபம் என்பது பழைய கணக்குதான். 'சென்டர் ஸ்டேஜ்' (2000) படத்திலும் ஈத்தன் ஸ்டீஃபல், சாஷா ரடெட்ஸ்கி என்று அமெரிக்கன் பாலே தியேட்டரின் அசல் கலைஞர்களையே இறக்கினார்கள். ஏ.எல். விஜய் எடுத்த 'லக்ஷ்மி' (2018) படத்தின் நாயகி தித்யா பாண்டே, டி.வி. நடனப் போட்டியில் ஜெயித்து வந்த சிறுமி. கூடவே பிரபுதேவா. ஆட்டத்தில் குறையில்லை, கதைதான் நாம் பார்த்த கதை.

● பாட்டே இல்லாமல் ஆடுவது நவீன நடனத்தின் கண்டுபிடிப்பு என்று நினைத்தால், எட்டயபுரம் வட்டாரத்துக்கு ஒரு நடை வாருங்கள். கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்தில் பாட்டுக் கிடையாது. தேவதுந்துபி என்ற தோல்கருவியின் அடிதான் எல்லாம். கையில் துணி, காலில் சலங்கை, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். வழிவழியாக ஆண்கள் ஆடியது. ஜமீன் கோடாங்கிபட்டி இதற்குப் பேர்போன ஊர்.

● நுனிக்காலில் நிற்கும் பாலே செருப்புக்குள் கட்டை இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? வழக்கமான செருப்பில் துணியும் காகிதமும் பசையும்தான். அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து இறுக்குவார்கள். தீப்பெட்டி ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வியர்வையில் பசை இளகிவிட்டால் செருப்பின் ஆயுள் முடிந்தது. பெரிய கலைஞருக்கு ஓர் இரவுக்கே ஒரு ஜோடி தீர்ந்துவிடும்.

● ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பரதம் அல்ல, பாலே! ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் படித்தார். உன் நாட்டு ஆட்டத்தைத் தேடு என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. பாவ்லோவாவோடு லண்டனில் ஆடிய இன்னொருவர் உதய்சங்கர். அவர் தன் நடனப் படமான 'கல்பனா'வை (1948) எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். வஞ்சிக்கோட்டைப் போட்டியில் ஆடினாரே பத்மினி, அவர் முதலில் திரையில் தோன்றியது அந்தப் படத்தில்தான்.

● 1838இல் கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலரை ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிசுக்கு அழைத்துப் போனார். அவர்களில் பதினெட்டு வயது அமனியைக் கண்டு மயங்கி எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். இருபது வருஷம் கழித்து கோத்தியே சகுந்தலை கதையைப் பாலேவாக எழுத, நடனம் அமைத்தவர் லூசியன் பெட்டிபா. அவருடைய தம்பி மரியுஸ் 1877இல் ரஷ்யாவில் அமைத்த 'லா பயதேர்' பாலேவின் நாயகியும் கோயில் தாசிதான். அதில் இரண்டு பெண்கள் ஒரே ஆணுக்காக மோதுகிறார்கள்.

இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாலே போட்டிகளில் பிள்ளைகள் எடுத்து ஆடுவதில் அந்தப் பாலேவின் துண்டுகளும் உண்டு. சென்னையில் பிறந்து லண்டனில் குழு நடத்தும் ஷோபனா ஜெயசிங் 2015இல் அந்தப் பாலேவையும், கோத்தியே அமனியைப் பார்த்த பார்வையையும் ஒன்றாகக் கேள்விக்கு இழுத்து ஒரு நவீன நடனம் அமைத்தார். அரங்கேறிய இடம், லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸ்.